முள் திரும்பும் இடம்

செட்டிங் வேலையில் முதல் வெட்டு விழும் முன்பே ஜாப்பின் தலைவிதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது. வைஸ் டேபிளுக்கு நேராக இருக்கிறதா, மில்லிங் ஹெட் செங்குத்தாக நிற்கிறதா, சக்கில் பிடித்தது ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்க்கும் அந்த நேரத்தில் ஒரு சிப்ஸ்கூட உதிர்வதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மெஷின் சும்மா நிற்பதுபோலத் தெரியும். முதலாளிக்கும் அப்படித்தான் தெரியும்.

மதுரை திருநகரில் இருந்துகொண்டு கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறை வேலைக்குப் போகிறவர்கள் பலர். புதிதாகச் சேரும் பையன்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அண்ணே, சொந்தமா டூல்ஸ் வாங்கணும், எந்த கம்பெனி நல்லது?” நியாயமான கேள்விதான். ஆனால் கம்பெனிப் பெயரிலிருந்து தொடங்கினால் பதில் கடைக்காரர் கைக்குப் போய்விடும். கருவியிடம் என்ன கேட்கப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதை யோசித்து யோசித்து எழுதி வைத்தவை இவை.

*

வித்தியாசம்

இன்ஸ்பெக்‌ஷன்காரர் ‘எவ்வளவு?’ என்று கேட்கிறார். செட்டர் பெரும்பாலும் ‘எவ்வளவு வித்தியாசம்?’ என்றுதான் கேட்கிறார்.

ஃபோர் ஜா சக்கில் ஓர் உருளையைப் பிடித்து, டயலை வைத்துச் சுற்றுகிறோம். முள் ஒரு பக்கம் 40-இலும் நேர் எதிர்ப்பக்கம் 10-இலும் நிற்கிறது. டயலில் ஒரு கோடு 0.01 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.30, மையம் விலகியிருப்பது அதில் பாதி, 0.15. எதிரெதிர் ஜாக்களை அந்தப் பாதிக்குத் தள்ளினால் போதும். உருளையின் விட்டம் 48-ஆ 52-ஆ என்று தெரிந்துகொள்ளவே தேவையில்லை. வைஸை நேராக்கும்போதும் இப்படித்தான். நிலைத்த தாடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு டயலை ஓட்டும்போது முள் அசையாமல் இருந்தால் வேலை முடிந்தது. தராசில் இரண்டு தட்டும் சமமா என்று மட்டும் பார்க்கிற மாதிரி இது. தட்டில் இருப்பது எத்தனை கிலோ என்பது வேறு விவகாரம்.

இதை உணர்ந்துவிட்டால் வாங்கும் வரிசையே மாறிவிடும். பலரும் முதலில் வாங்குவது டிஜிட்டல் வெர்னியர். செட்டருக்கு முதலில் வேண்டியது பட்டறையில் பப்பி டயல் என்று சொல்கிறோமே அந்த லீவர் டயலும், அதைத் தாங்க ஆடாத ஒரு மேக்னடிக் பேஸும்.

*

தகட்டுக் கேஜ்

இந்தப் பக்கத்துக்கு நுண்ணளவை லேத் பட்டறைகளுக்கு முன்பே மில்கள் கொண்டுவந்துவிட்டன. பக்கத்தில் ஹார்விபட்டி, மில் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு. சாலையோரத்தில் சீதாலட்சுமி மில். மில் சங்கு ஊதினால் ஊர் எழுந்த காலம் ஒன்று இருந்தது. நூற்பாலையில் கார்டிங் மெஷினை செட் செய்பவர் கையில் ஒரு கொத்து மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். கம்பிப் பற்கள் சுற்றிய சிலிண்டருக்கும் அதன் மேல் நகரும் ஃபிளாட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 10 தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. கால் மில்லிமீட்டர். அது கூடினால் பஞ்சு திரண்டு சிக்கும். குறைந்தால் பல்லும் பல்லும் உரசிப் பாழாகும்.

1958 அக்டோபரிலிருந்து நாடு மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கிய பின்னும் மில்லுக்குள் அங்குலமும் தவ்வும் வெகுகாலம் நீடித்தன. இங்கிலாந்திலிருந்து வந்த இயந்திரங்களுக்கு அதுதானே தாய்மொழி.

அந்தத் தகட்டில் முள் இல்லை, திருகு இல்லை, பேட்டரி இல்லை. இடைவெளியில் நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தாராளமாக வந்தால் அளவு அதிகம், வர மறுத்தால் குறைவு. ஒரே ஒரு அளவைத்தான் அதனிடம் கேட்க முடியும். ஆனால் அது கெடுவதற்கு முக்கிய வழி தேய்மானம். அதையும் மைக்ரோமீட்டரில் வைத்து ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

கருவி தேர்வில் நான் முதல் இடம் கொடுக்கும் குணம் இதிலிருந்து வந்தது. ஒரு கருவி எந்தெந்த வழியில் தவறும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவறியிருக்கிறதா என்று பட்டறையை விட்டு வெளியே போகாமல் நானே பார்க்க முடிய வேண்டும்.

*

கடைசி இலக்கம்

“வெர்னியர்ல பத்து காட்டுது, மைக்ரோமீட்டர்ல ஒன்பது புள்ளி ஒன்பது எட்டு காட்டுது. எதைண்ணே நம்புறது?”

இரண்டையும் நம்பலாம், ஒவ்வொன்றையும் அதனதன் எல்லைக்குள். 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியரின் திரை 0.01 வரை காட்டும். ஆனால் நல்ல கம்பெனியின் தாளிலேயே துல்லியம் கூட்டியோ குறைத்தோ 0.02 என்றுதான் போட்டிருக்கும். திரையில் ஓர் இலக்கம் கூடுதலாகத் தெரிவதால் உண்மையில் ஓர் இலக்கம் கூடிவிடாது. 0–25 மைக்ரோமீட்டரோ நல்லதாக இருந்தால் இரண்டு மூன்று மைக்ரானுக்குள் நிற்கும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் ஜேனா நகரில் ஸைஸ் நிறுவனத்தோடு பணியாற்றிய எர்ன்ஸ்ட் ஆபே 1890-இல் ஒரு விதியைச் சொன்னார்: அளக்கும் கோடும் அளவுகோலின் கோடும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் திருகும் ஜாப்பும் ஒரே கோட்டில் இருக்கின்றன. வெர்னியரில் அளவுகோல் மேலே, ஜாப் கீழே தாடையின் நடுவில். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில் தாடை ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அளவு மாறும். ஜாப் தாடையின் நுனிக்குப் போகப் போக அந்தத் தவறு வளரும்.

கடையில் வெர்னியரை வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனையும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரே பின்னைத் தாடையின் அடியில் ஒரு முறை, நுனியில் ஒரு முறை பிடித்துப் பார்க்கலாம். பிறகு தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கலாம். கோடுபோல ஒளி கசிந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.

எந்தக் கருவி எந்த வேலைக்கு என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கை நம்பும்படி காட்டக்கூடிய கருவி வேண்டும், முடியாவிட்டால் நான்கில் ஒரு பங்காவது. 0.2 டாலரன்ஸ் உள்ள தட்டுக்கு மைக்ரோமீட்டரை எடுப்பது நேர விரயம். பேரிங் உட்காரும் இடத்தை வெர்னியரால் முடிவு செய்வதோ சூதாட்டம்.

*

கத்திரி வெயில்

நீளத்தை எந்த வெப்பநிலையில் சொல்வது என்பதில் உலகம் 1931-இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: 20 டிகிரி செல்சியஸ். வரைபடத்தில் எழுதியிருக்கும் ஒவ்வோர் அளவுக்குப் பின்னாலும் அந்த 20 டிகிரி சொல்லாமலே நிற்கிறது. மதுரையில் மார்கழி விடியலைத் தவிர்த்தால் அது அபூர்வம். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் 40 டிகிரி.

எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் நீளும். 100 மி.மீ. எஃகுத் துண்டு 40 டிகிரியில் 0.023 மி.மீ. கூடியிருக்கும். கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கையிலுள்ள மைக்ரோமீட்டரும் எஃகு. அதுவும் அதே கூரைக்கு அடியில் அதே அளவு நீண்டிருக்கிறது. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் தவறு தானாகக் கழிந்துவிடும். வெயிலை விரட்ட முடியாத பட்டறைக்கு இது பெரிய ஆறுதல்.

இரண்டு இடங்களில் அந்த ஆறுதல் கைவிடும். ஒன்று, சூடு ஒன்றாக இல்லாதபோது: வெட்டி முடித்தவுடன் கை பொறுக்காத ஜாப்பை அளப்பது, ஜன்னல் வெயில் விழும் பெஞ்சில் மைக்ரோமீட்டரை விட்டு வைப்பது, ஃப்ரேமை உள்ளங்கையில் வெகுநேரம் பொத்திப் பிடித்திருப்பது. நல்ல மைக்ரோமீட்டர்களின் ஃப்ரேமில் பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருப்பது கைச்சூட்டைத் தடுக்கத்தான். மற்றொன்று, உலோகம் ஒன்றாக இல்லாதபோது. அலுமினியம் எஃகைப்போல இரண்டு மடங்கு நீளும். 300 மி.மீ. அலுமினியத் தட்டை 40 டிகிரியில் எஃகுக் கருவியால் அளந்தால் ஏறக்குறைய 0.07 கூடுதலாகக் காட்டும். வாங்கியவரின் 20 டிகிரி ஏசி அறையில் அதே தட்டை எஃகுக் கருவியால் அளந்தால் 0.07 குறைவாகக் காட்டும். அவர் சண்டைக்கு வருவார். இருவர் அளந்ததும் சரியாகவே இருக்கும்.

பெரிய செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. ஜாப்பையும் கருவியையும் ஒரே சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வருவது. அலுமினியம் என்றால் அதோடு ஒரு கணக்கும் போட வேண்டும்.

*

பப்பி டயல்

லீவர் டயல் சின்னக் கருவி. அதன் மொத்த ஓட்டமே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். செட்டிங்கில் பாதி அதன் மேல் நிற்கிறது.

வாங்கும்போது நான் பார்ப்பது முள் எங்கே போகிறது என்பதைவிட எங்கே திரும்பி வருகிறது என்பதை. ஒரு ஸ்லிப் கேஜின் (அளவு துல்லியமாக அமைந்த எஃகுக் கட்டை) மேல் நுனியை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நுனியைத் தூக்கி மறுபடி இறக்க வேண்டும். மெதுவாக ஒரு முறை, கொஞ்சம் வேகமாக ஒரு முறை, பக்கவாட்டிலிருந்து சறுக்கி ஒரு முறை. ஒவ்வொரு முறையும் முள் அதே கோட்டில் வந்து அமர வேண்டும். பிறகு ஏறும்போது என்ன காட்டுகிறது, இறங்கும்போது என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே பல்லில் தூசியோ பிவட்டில் தளர்ச்சியோ இருந்தால் ஏற்றமும் இறக்கமும் ஒத்துப்போகாது. எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் டயலோடு வாழ்ந்துவிடலாம், கழித்துக்கொண்டால் தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு காட்டும் டயலோடு வாழ முடியாது.

நுனிக் கம்பியின் சாய்வும் கணக்கில் வரும். கம்பி பரப்போடு ஏறக்குறைய இணையாகக் கிடக்க வேண்டும். 30 டிகிரி சாய்ந்தால் முள் 0.10 என்று காட்டும்போது உண்மை 0.087, 60 டிகிரியில் பாதி, 0.05. முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவது மட்டும் நோக்கமென்றால் இது பெரிய தொந்தரவு செய்யாது, ஏனென்றால் பூஜ்யத்தை எந்தச் சாய்வும் மாற்றாது. எண்ணை எழுதிக்கொள்ளப் போகிறோம் என்றால் சாய்வைச் சரிசெய்தே ஆக வேண்டும். நுனி உடைந்தால் அதே நீளத்தில்தான் மாற்ற வேண்டும். நீளம் மாறினால் டயலில் எழுதியிருக்கும் 0.01 வெறும் பெயிண்ட்.

டயலுக்குப் பணம் செலவு செய்துவிட்டு பேஸில் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. முள் காட்டும் தவறில் நிறைய பேஸின் கைகளிலிருந்து வருகிறது. கம்பியை நீளமாக நீட்டினால் தொங்கும், மூட்டு தளர்ந்தால் வழுக்கும். நிறுத்தி வைத்த டயலின் கையை ஒரு விரலால் லேசாக அழுத்தி விட்டுப் பார்த்தால் போதும். முள் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் டயலைக் குறை சொல்லக் கூடாது.

*

பழையதும் போலியும்

மில்கள் மூடியபோதும் ஃபிட்டர்கள் ஓய்வு பெற்றபோதும் கைமாறிய பெட்டிகளில் நல்ல மைக்ரோமீட்டர்கள் கிடைத்திருக்கின்றன. ஓரளவு தேய்ந்த பழைய கருவி புதிய மலிவுக் கருவியைவிட மேலாக இருக்கக்கூடும். ஆனால் தேய்வு எங்கே என்று தெரிய வேண்டும். திருகு முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஒரே ஜாப்பைப் பல வருடம் அளந்த மைக்ரோமீட்டர் அந்த ஒரு இடத்தில் மட்டும் தளர்ந்திருக்கும். பூஜ்யத்தில் பார்த்தால் குறையே தெரியாது.

அதனால்தான் மைக்ரோமீட்டரைச் சோதிக்கும் ஸ்லிப் கேஜ் வரிசை விசித்திரமாக இருக்கிறது: 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25. ஐந்து, பத்து, பதினைந்து என்று முழு எண்களில் மட்டும் பார்த்தால் திம்பிள் (கோடு போட்ட சுழலும் உருளை) ஒவ்வொரு முறையும் அதே கோட்டில்தான் நிற்கும். ஒரு சுற்றுக்குள் திருகு செய்யும் தவறு வெளியே வராது. இந்த எண்கள் திம்பிளை வெவ்வேறு இடத்தில் நிறுத்துகின்றன. 87 துண்டுகள் உள்ள முழு செட்டை ஒரு தொழிலாளி வாங்க வேண்டியதில்லை, 5.1, 10.3, 20.2, 25 என்று நான்கைத் தனியாக வாங்கினாலே பெட்டியில் ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்துவிடுவார்.

பெரிய ஜப்பானியக் கம்பெனியின் பெயரில் போலி வெர்னியர்கள் சந்தையில் நடமாடுவது தெரிந்த விஷயம். பெட்டியும் எழுத்தும் அச்சு அசலாக இருக்கும். ஸ்லிப் கேஜ் எழுத்தைப் பார்ப்பதில்லை.

*

மூன்று தட்டுகள்

அந்த ஸ்லிப் கேஜ் சரியென்று யார் சொன்னது? அதைச் சோதித்த ஆய்வகம். ஆய்வகத்துக்கு யார் சொன்னது? படி ஏறிக்கொண்டே போனால் டெல்லியில் 1950-இல் திறக்கப்பட்ட தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். அங்கே மீட்டர் என்பது உலோகக் கம்பி அல்ல. லேசர் ஒளியின் அலைநீளத்தைக் கொண்டு பெறுவது. நம் ஊருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் கல்லில் இரண்டு குறிகளுக்கு நடுவே வெட்டி வைத்தார்கள். பாண்டியர் கல்வெட்டுகளில் சுந்தரபாண்டியன் கோல் என்றே ஓர் அளவுகோல் பேசப்படுகிறது. அளப்பவன் கையிலுள்ள கோலில் சந்தேகம் வந்தால் கொண்டுபோய்க் கல்லில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இது மேலேயிருந்து இறங்கும் நம்பிக்கை. அதற்குச் சான்றிதழ் உண்டு. பலர் அதில் முத்திரையை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் அட்டவணை: எந்த அளவில் எவ்வளவு பிழை, அந்தப் பிழையைச் சொன்னதில் எவ்வளவு ஐயம்.

மேலே யாரையும் கேட்காமல் எழும் நம்பிக்கையும் உண்டு. ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை வாசித்தார், உண்மையான சமதளத்தை எப்படிப் பெறுவது என்று. இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துச் சுரண்டினால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருக்கலாம். மூன்றாவதைச் சேர்த்து, முதலாவது இரண்டாவதோடு, இரண்டாவது மூன்றாவதோடு, மூன்றாவது முதலாவதோடு என்று மாற்றி மாற்றியும் திருப்பி வைத்தும் பார்த்தால் மூன்றும் பொருந்த ஒரே வழி, மூன்றும் சமதளமாவதுதான். இருவர் சேர்ந்து பொய் சொல்லலாம். மூவரும் ஒருவரோடொருவர் ஒத்துப்போக வேண்டுமென்றால் அங்கே பொய் தங்க இடமில்லை.

பட்டறையில் அன்றாடம் இதன் சின்ன வடிவங்கள் உண்டு. மட்டப்பலகையை வைத்துப் படித்து, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைத்தால், குமிழி நகர்ந்த தூரத்தில் பாதி மட்டப்பலகையின் குற்றம். ஸ்கொயரை நேர் விளிம்பில் சாத்திக் கோடு கிழித்து, திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து மறுபடி கிழித்தால், இரண்டு கோட்டுக்கும் நடுவே விரியும் இடைவெளி ஸ்கொயரின் பிழையைப்போல இரண்டு மடங்கு. தன்னையே திருப்பிப்போட்டுத் தன் பிழையைச் சொல்லிவிடும் கருவிகள் இவை. அதனால்தான் விலை குறைவான ஸ்கொயரை வாங்கவும் நான் தயங்குவதில்லை.

*

வாங்கும் வரிசை

முதல் சம்பளத்தில் லீவர் டயலும் பேஸும். அடுத்து 0–25 மைக்ரோமீட்டர், ராட்செட்டோ ஃப்ரிக்‌ஷன் திம்பிளோ உள்ளதாக. அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறினால் அளவும் மாறும். பிறகு நான்கு ஸ்லிப் கேஜ். பிறகு ஸ்கொயர், பாரலல். வெர்னியர் அதற்குப் பிறகு வந்தாலும் போதும். கூலன்ட் தெறிக்கும் இடத்தில் சாதாரண டிஜிட்டல் திரை உளறும், கோடு போட்ட வெர்னியர் உளறாது. கம்பெனிப் பெயர் கடைசியில். ஜப்பானின் மிட்டுடோயோவோ நம் நாட்டு பேக்கரோ, மேலே சொன்ன சோதனைகளில் தேறட்டும்.

ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் ஒரு தாள் ஒட்ட வேண்டும்: சோதித்த தேதி, கண்ட பிழை. ‘சரி’ என்று மட்டும் எழுதிய கருவியைவிட ‘20.2-இல் 0.004 கூடுதல்’ என்று எழுதிய கருவியை எடுத்து வேலை செய்ய எனக்குத் தைரியம் அதிகம்.

அந்தத் தாளில் எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. மைக்ரோமீட்டர் என்றைக்காவது ஒரு நாள் சிமெண்ட் தரையில் விழும். விழுந்ததைப் பார்த்தவன் பெரும்பாலும் விழவிட்ட பையன் மட்டும்தான். திட்டும் சம்பளப் பிடித்தமும் காத்திருக்கும் பட்டறையில் அவன் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடிவிடுவான். மறுநாள் காலையில் அதை எடுப்பவர் மூடியிலுள்ள தேதியைப் பார்த்து நம்பி வேலையைத் தொடங்குவார். “அண்ணே, கீழ போட்டுட்டேன், செக் பண்ணிருங்க” என்று அவன் பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய பட்டறையில்தான் மூடித் தாளிலுள்ள எண்களுக்கு மதிப்பு இருக்கிறது. நல்ல கருவி வாங்க நினைக்கும் முதலாளி முதலில் அந்தப் பயத்தைப் போக்கட்டும்.